இடப்பக்கம் காலி: டிவி நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர் நாவல் எழுதிய கதை

2021 ஆடி மாசம், ஒரு மதிய நேரத்தில் அந்தக் கட்டு என் மேஜைக்கு வந்தது. தர்மபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில் எனக்கு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காதுகுத்து பேனர், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், இவைதான் பிழைப்பு. நாவல் டைப் அடிக்க வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். அதுவும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வரலாற்று நாவலாக இருக்கும். அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் தப்பாமல் இருப்பார்கள்.

இந்தக் கட்டு வேறு மாதிரி. ஏ4 தாள், நீல மை, தெளிவான கையெழுத்து. ஒவ்வொரு தாளையும் நீளவாக்கில் நடுவில் மடித்து விரித்திருந்தார்கள். மடிப்புக்கு வலப்பக்கம் மட்டும்தான் எழுத்து. இடப்பக்கம் முந்நூற்றுச் சொச்சம் தாளிலும் வெள்ளையாகவே கிடந்தது.

“இடப்பக்கம் எதுக்குணா விட்டிருக்கீங்க? படம் ஏதாவது வருதா?”

கட்டைக் கொண்டுவந்த அண்ணன் ஒரு தாளை எடுத்து, யாரோ எழுதியதைப் பார்ப்பது போலப் பார்த்தார். “அது டைரக்டருக்குப்பா” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாவலுக்கு ஏது டைரக்டர்?

அண்ணனின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பெயர் போடாமலே எழுதிப் பழகிவிட்டேன், இதிலும் அப்படியே இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். அவர் வேலை பார்த்த சேனல்கள், கம்பெனிகள் பெயரும் வராது. அவருடைய நாவலை மூன்று முறை டைப் அடித்து, இரண்டு முறை பக்கம் கட்டி, நாலு முறை புரூஃப் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். எழுத்தாளரை அவர் வீட்டார் அறிவதைவிட டைப் அடிப்பவன் கொஞ்சம் கூடுதலாகவே அறிவான். எந்த வார்த்தையை எத்தனை முறை போடுகிறார் என்பது விரலுக்குத் தெரிந்துவிடும்.

மொரப்பூரிலிருந்து சென்னைக்கு

சொந்த ஊர் பாலக்கோடு தாலுகாவில் ஒரு கிராமம். அப்பாவுக்குக் கேழ்வரகும் தக்காளியும். பள்ளி நாளிலேயே பத்திரிகைகளுக்கு ஜோக் அனுப்ப ஆரம்பித்திருக்கிறார். பதினைந்து காசு போஸ்ட் கார்டில் ஒரு ஜோக். பிரசுரமானால் மணியார்டர் வரும். மணியார்டரைக் கொண்டுவரும் தபால்காரர் ஜோக்கைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பணத்தைக் கொடுப்பாராம். அந்தத் தபால்காரர் சிரிக்காத ஜோக்குகளை அடுத்த முறை எழுதுவதில்லை என்று வைத்திருந்தார். அண்ணனுடைய முதல் ஆடியன்ஸ் அந்தத் தபால்காரர்தான்.

சென்னைத் தூர்தர்ஷன் 1975-ல் தொடங்கியது. சன் டிவி 1993 ஏப்ரல் 14-ல் வந்தது. அண்ணன் கல்லூரி முடித்த வருஷமும் அதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் கேபிள் வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் ஆனது. ஆனால் சென்னையில் ஆள் தேவைப்படும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. தூர்தர்ஷன் காலத்தில் ஒரு தொடருக்கு 13 வாரம் அனுமதி கிடைத்தாலே பெரிய விஷயம். தனியார் சேனல் வந்ததும் வாரம் ஏழு நாளும் நிரப்ப வேண்டிய நேரம் கூடியது. 1996-ல் மொரப்பூரில் ரயில் ஏறினார். தர்மபுரிக்காரன் சென்னைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் இன்றைக்கும் மொரப்பூருக்குப் பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். சேலம் சென்னை மெயின் லைன் அந்த வழியாகத்தான் போகிறது.

வடபழனியில் மேன்ஷன் அறை. ஒரு வசன எழுத்தாளரிடம் உதவியாளர். மற்றதெல்லாம் சினிமாவுக்குப் போன எல்லோருக்கும் நடப்பதுதான், அதை விட்டுவிடுகிறேன். சொல்ல வேண்டியது வேலை நடந்த முறையைத்தான்.

அரை மணி நகைச்சுவை நிகழ்ச்சி என்றால் விளம்பரமும் டைட்டிலும் போகக் கையில் இருப்பது 20, 22 நிமிஷம். அதற்கு ஏழெட்டு சீன். முதலில் ஒன்லைன், அதாவது கதையைச் சுருக்கமாக ஒரு வரியில், சொல்ல வேண்டும். அது ஓகே ஆனால் சீன் ஆர்டர். அப்புறம் வசனம். சீன் பேப்பரை நடுவில் மடித்தால் இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம். யார் எங்கே நிற்கிறார், கையில் என்ன இருக்கிறது, கேமரா எதைப் பார்க்கிறது, எல்லாம் இடப்பக்கத்தில் வரும். அது இயக்குநரின் இடம். வசனக்காரர் அதில் கை வைத்தால், “நீங்க டயலாக் மட்டும் எழுதுங்க சார்” என்று ஒரு குரல் வரும். அண்ணனுக்கு முதல் மாதத்திலேயே வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் இடப்பக்கம் போகவே இல்லை.

வலப்பக்கத்துக்கென்று ஒரு இலக்கணம் உண்டு. ஒருவர் லீட் கொடுக்க வேண்டும், அதாவது பேச்சை எடுத்துக் கொடுக்க வேண்டும், இன்னொருவர் கவுண்டர் அடிக்க வேண்டும், அதாவது சிரிப்பு வரும்படி பதிலடி கொடுக்க வேண்டும். கவுண்டர் விழுந்ததும் மூன்றாம் ஆள் ரியாக்‌ஷன் தர வேண்டும். முறைப்பது, விழிப்பது, தலையில் அடித்துக்கொள்வது. எடிட்டிங்கில் அந்த முகத்தை மூன்று முறை வெட்டி வெட்டிக் காட்டுவார்கள். பின்னணியில் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் சேரும். இது ஜோக், இங்கே சிரிக்கவும் என்று பார்ப்பவருக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது போல. நடிகருக்கு வசனம் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் ப்ராம்ப்ட் கொடுப்பார், நடிகர் கேட்டுக் கேட்டுச் சொல்வார். அதனால் வாக்கியம் ஒரு மூச்சுக்கு மேல் நீளக் கூடாது. அண்ணன் இதில் கெட்டிக்காரர். இன்றைக்கும் அவர் எழுதுகிற எந்த வாக்கியத்தையும் மூச்சு விடாமல் வாசித்துவிடலாம்.

2000-களின் நடுவில் தமிழ் டிவியில் சிரிப்புக்கு நல்ல விளைச்சல். லொள்ளு சபா, கலக்கப் போவது யாரு, அசத்தப் போவது யாரு என்று சேனலுக்குச் சேனல் போட்டி. அண்ணனுக்கும் கை நிறைய வேலை இருந்தது. டைட்டிலில் பெயர் மட்டும் வராது. ஒருமுறை வந்தது, அதுவும் எழுத்துப்பிழையோடு. அதை அவர் அம்மா ஊரில் பார்த்துவிட்டு, “உன் பேருல வேற யாரோ எழுதறாங்கடா” என்று போன் செய்தாராம். இந்தக் கதையை அவர் சொல்கிறபோது சிரிக்காமல் கேட்க முடியாது. நாலாவது முறை கேட்டபோதுதான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு கம்பெனி 11 எபிசோடுக்குப் பணம் தராமலே மூடிப் போனது. இன்னொன்று அவர் எழுதியதை வேறு ஆள் பெயரில் ஓட்டியது. புகார் செய்யலாம் என்றால் கையில் ஒப்பந்தம் இல்லை. எல்லாமே வாய்ப்பேச்சு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து படப்பிடிப்புகள் நின்றபோது, ஒரு பையில் துணி, இரண்டு பையில் பழைய சீன் பேப்பர் என்று ஊருக்கு வந்து சேர்ந்தார்.

எந்த ஊர்ப் பேச்சு?

நாவலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு கிளைக்கதை. டிவியில் கிராமத்தான் என்றால் நாலு பேச்சு உண்டு. மதுரை, கோவை, நெல்லை, அப்புறம் சென்னைக் குப்பம். எங்கள் பேச்சு இந்த நாலில் எதிலும் சேராது. தர்மபுரி 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம், 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஒரு பக்கம் கொங்கு இழுக்கும், ஒரு பக்கம் வட ஆற்காடு. தெலுங்கும் கன்னடமும் வீட்டுக்கு வீடு கலந்து கிடக்கும். ஓசூர் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரே சண்டையை மூன்று மொழியில் கேட்கலாம்.

அண்ணன் ஆரம்பத்தில் எங்கள் ஊர் ஆளை வைத்து ஒரு சீன் எழுதிப் பார்த்திருக்கிறார். “இது எந்த ஸ்லாங்? மக்களுக்குப் புரியாது, கோவைக்கு மாத்துங்க” என்றார்களாம். மாற்றினார். பிறகு மாற்றச் சொல்வதற்கு முன்பே மாற்றிப் பழகினார். ஆக, இடப்பக்கம் இயக்குநருக்குப் போனது, வலப்பக்கத்துப் பேச்சு கோவைக்குப் போனது. தாளில் அவருடையது என்று என்ன மிஞ்சியது என்று கேட்டேன். “மடிப்பு” என்றார். இதுதான் அவர் ஸ்டைல். கவுண்டர் ரெடியாக இருக்கும்.

கண்ட்ரோல் எஃப்

நாவலின் கதை இதுதான். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு சின்ன விவசாயி. தக்காளி விலை திடீரென ஏறி, பதினெட்டு நாள் அவர் பணக்காரராக இருக்கிறார். பத்தொன்பதாம் நாள் விலை விழுகிறது. பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட் தெரிந்தவர்களுக்கு இது கற்பனையே இல்லை. ஒரு மாசம் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுவார்கள், இன்னொரு மாசம் பெட்டிக்குப் பெட்டி சண்டை நடக்கும். பதினெட்டு நாள் என்பதும் சும்மா இல்லை. எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் பதினெட்டு நாள் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம். மண்ணில் பெரிதாக உருவம் செய்து படுக்க வைத்திருப்பார்கள். விலை விழுந்த நாளுக்கு அண்ணன் வைத்த அத்தியாயத் தலைப்பு ‘படுகளம்’.

கதையைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. டைப் அடித்தபோது தூக்கம் வந்தது.

ஏன் என்று முதலில் பிடிபடவில்லை. ஜோக் எல்லாம் நல்ல ஜோக். தனித்தனியாக எடுத்து வாட்ஸப்பில் போட்டால் ஓடும். ஆனால் இருபது பக்கம் தாண்டினால் அலுப்பு தட்டியது. ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டரை ஆன் செய்து, விளையாட்டாகக் கண்ட்ரோல் எஃப் போட்டு ‘விழித்தா’ என்று தேடினேன். 61 இடம். ‘முறைத்தா’ 48. ‘தலையில் அடித்துக்கொண்டா’ 22. ‘வாயைப் பொத்திக்கொண்டு’ 17. பக்கம் கட்டினால் 190 வரும் ஒரு பிரதியில்.

அந்தப் பகுதிகளில் ஒன்று இப்படி இருந்தது:

“ஏனுங்க, தக்காளி இன்னிக்கு என்ன விலைங்க?”

“நீ கேக்கறதுக்கு முன்னாடி இருந்த விலை வேணுமா, கேட்டப்புறம் ஏறின விலை வேணுமா?”

தரகர் திருதிருவென விழித்தார். மனைவி முறைத்தாள். பக்கத்தில் நின்றவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ஜோக் விழுந்த இடத்திலெல்லாம் ஒரு க்ளோசப். சத்தம் மட்டும்தான் இல்லை, மற்றபடி அதே ‘டொய்ங்’. மார்க்கெட் எப்படி இருக்கிறது, எந்நேரம், தரகரின் கை துண்டுக்கு அடியில் என்ன செய்கிறது, ஒன்றும் இல்லை. அந்த மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்த ஆள் எழுதியது. இடப்பக்கம் இருக்க வேண்டியதை நிஜமாகவே யாரோ வந்து நிரப்புவார்கள் என்று அவருடைய கை நம்பிக்கொண்டிருந்தது.

எண்ணிக்கையை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பில்லோடு சேர்த்துக் கொடுத்தேன். அவரைவிடப் பத்து வயசு சின்னவன், நேரில் சொல்லத் தைரியம் இல்லை. இரண்டு நாள் கழித்து வந்தார்.

“தம்பி, அறுபத்தொண்ணு சரியா எண்ணினியா?”

“நான் எங்கணா எண்றது, மெஷின் எண்ணுச்சு.”

“சரி. கட்டைக் குடு.”

எடுத்துக்கொண்டு போய்விட்டார். எட்டு மாசம் ஆள் வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். டைப் அடித்த பாக்கி வேறு நின்றது.

சபாவும் கூத்தும்

இது அவர் ஒருவரின் கோளாறா என்று பிறகு யோசித்தபோது, இல்லை என்றே தோன்றுகிறது. தமிழ் டிவி நகைச்சுவைக்குத் தாய்வீடு சென்னை சபா நாடகம். தூர்தர்ஷன் காலத்திலேயே சபா ஆட்கள்தான் நகைச்சுவையைக் கொண்டுவந்தார்கள். கிரேசி மோகனை எடுத்துக்கொள்ளுங்கள். 1952-ல் பிறந்து 2019-ல் மறைந்தவர். கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, வேலைக்கும் போய், நாடகத்தில் தொடங்கி, டிவிக்கும் சினிமாவுக்கும் போனவர். 1979-ல் சொந்தக் குழு ஆரம்பித்தார். அவருடைய சிரிப்பு முழுக்கக் காதுக்கு. ஒரு சொல் இன்னொரு சொல்லைத் தட்டிவிடும், அது மூன்றாவதைத் தள்ளும். நாடக மேடையில் ஒரு சோபா, ஒரு கதவு போதும், மீதியை வார்த்தை பார்த்துக்கொள்ளும். அந்த அளவுக்கு வார்த்தை தெரிந்தவருக்கு அது பலம். பின்னால் வந்த பலருக்கும் அதுவே வழியாகிப் போனது. டிவிக்கும் அது சௌகரியம். இரண்டு கேமரா, ஒரு ஹால் செட், செலவு குறைவு. ரியாக்‌ஷன் ஷாட்டைவிட மலிவான ஷாட் உலகத்தில் கிடையாது. இது என் அபிப்பிராயம்தான், சபா ரசிகர்கள் சண்டைக்கு வந்தால் ஒப்புக்கொள்கிறேன்.

தர்மபுரியில் சபா ஏது? எங்களுக்குத் தெருக்கூத்துதான். கூத்தில் சிரிப்பு கட்டியக்காரன் கையில். ராஜா திரைக்குப் பின்னால் நிற்கும்போதே, யார் நீ, எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்டு வம்பிழுப்பவன் அவன். துரியோதனன் சபையில் நின்றுகொண்டு உள்ளூர்ப் பஞ்சாயத்துக் குழாயைப் பற்றிப் பேசுவான்.

2022 சித்திரையில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு அண்ணன் கடை வாசலில் வந்து நின்றார். “காரிமங்கலம் பக்கம் கூத்து இருக்கு, வர்றியா?” பாக்கியைப் பற்றிப் பேச்சில்லை. வண்டியை எடுத்தேன்.

கொரோனா இடைவெளிக்குப் பிறகு நடந்த பாரதம். நல்ல கூட்டம். முகவீணையும் மிருதங்கமும் ஹார்மோனியமும் சேர்ந்து காதை அடைத்தன. நடுநிசிக்கு மேல் கட்டியக்காரன் ராஜாவைப் பார்த்துச் சொன்னான்: “மகாராஜா, வேத்து நாட்டு ஒற்றன் எவனாவது உள்ள பூந்துட்டான்னா கண்டுபிடிக்கறது சுலபம். எல்லாரையும் சிரிக்கச் சொல்லுங்க. பல்லு வெள்ளையா இருந்தா அவன் நம்மூரு இல்ல.”

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயசிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும், அதிகமானால் எலும்பும் வளையும். அதற்காகத்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் பல் முளைத்தவர்களுக்கு அந்தக் கறை தானாகப் போகாது.

கட்டியக்காரன் சொல்லி முடித்ததும் கூட்டம் சிரித்தது. எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், அத்தனை பேரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மேடையில் யாரும் விழிக்கவில்லை, முறைக்கவில்லை. ராஜா பாட்டை எடுத்துவிட்டார். கட்டியக்காரன் சிரிப்புக்காக ஒரு நொடிகூட நிற்கவில்லை, சலங்கையை உதறிக்கொண்டு அடுத்த பக்கம் போய்விட்டான்.

விடிகாலை நாலு மணிக்கு டீக்கடையில் அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அந்தத் துண்டுச் சீட்டுல, வாயைப் பொத்திக்கிட்டு எத்தன தடவடா இருந்துச்சு?”

“பதினேழுணா.”

“பதினேழு தடவ எழுதியிருக்கேன். எதுக்குப் பொத்தறாங்கன்னு ஒரு தடவகூட எழுதல.” டம்ளரைக் கீழே வைத்தார். “எங்கம்மா அப்படித்தான் சிரிப்பாங்க.”

பழைய புத்தகக் கடையில் கிடைத்த வெள்ளைக்காரர்

அந்த எட்டு மாசம் அவர் சும்மா இருக்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா பையன், சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு ஆங்கில நாவலை வாங்கிக் கொடுத்திருக்கிறான். எழுதியவர் டேவிட் நாப்ஸ். மாமாவைப் போலவே டிவி காமெடி எழுதி நாவலுக்குப் போன ஆள் என்பதுதான் அவன் சொன்ன காரணம். அண்ணன் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாசம் படித்தார்.

நாப்ஸின் கதை ஒப்பிடத் தகுந்தது. 1935-ல் பிறந்த ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு ஷெஃபீல்டில் உள்ளூர்ப் பத்திரிகை நிருபராக இருந்தார். 1960-களின் தொடக்கத்தில் பிபிசியில் டேவிட் ஃப்ராஸ்ட் நடத்திய வாராந்தர அரசியல் நையாண்டி நிகழ்ச்சிக்கு எழுதித்தான் டிவிக்குள் நுழைந்தார். பிறகு நகைச்சுவை நடிகர்கள் பலருக்கும் துணுக்கு எழுதினார். அதுவரை அண்ணனின் பாதைதான். வித்தியாசம் என்னவென்றால், டிவிக்கு எழுதிக்கொண்டே 1965-ல் முதல் நாவலை வெளியிட்டுவிட்டார். ஒரு கை வலப்பக்கத்தில், இன்னொரு கை முழுத் தாளில்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ரெஜினால்ட் பெர்ரின் என்ற பாத்திரத்தை முதலில் டிவி நாடகத்துக்குத்தான் யோசித்திருக்கிறார். அங்கே எடுபடவில்லை. நாவலாக எழுதினார், 1975-ல் வந்தது. அடுத்த வருஷமே பிபிசி அதைத் தொடராக எடுத்தது, லெனார்ட் ராசிட்டர் நடித்தார். திரைக்கதையை நாப்ஸே எழுதினார். இனிப்புப் பண்டக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து அலுத்துப்போன நடுவயசுக்காரன், கடற்கரையில் துணியைக் கழற்றி வைத்துவிட்டுச் செத்துப்போனதாகப் பாவனை செய்யும் கதை. தினமும் அவன் ரயில் 11 நிமிஷம் தாமதம். தினமும் ஒரு காரணம் சொல்கிறான். அண்ணனுக்கு இதுதான் பிடித்துப்போனது.

“பாரு, பதினோரு நிமிஷம்னு சொல்றான், அவ்வளவுதான். யாரும் முழிக்கறதில்ல. அடுத்த நாளும் பதினோரு நிமிஷம். நமக்குள்ள ஒரு மாதிரி ஆகுது.”

பெர்ரின் கதையில் நாவல் முதலில், டிவி அப்புறம் என்ற வரிசை நாப்ஸுக்கு வாய்த்தது. அந்தக் கதையோடு டிவிக்குப் போகும்போது அவர் கையில் இருந்த தாளில் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. அண்ணனுக்கு வரிசை தலைகீழ். அதனால்தான் கஷ்டம் என்று நான் நினைக்கிறேன். திறமையில் குறை என்று சொல்ல மாட்டேன். நாப்ஸோடு ஒப்பிட்டு அண்ணனைச் சின்னவராக்குவதும் நியாயம் இல்லை. அந்த ஊரில் டைட்டிலில் பெயர் ஒழுங்காக வந்தது, ஒப்பந்தம் இருந்தது. 2015-ல் அவர் இறந்தபோது பத்திரிகைகள் பக்கம் ஒதுக்கி எழுதின.

இரண்டாம் பிரதி

2022 கடைசியில் புதுக் கட்டு வந்தது. தாளில் மடிப்பு இல்லை. ஓரம் விட்டு ஓரம் எழுத்து. மார்க்கெட் காட்சியில் அந்தக் கவுண்டர் இல்லை. அதற்குப் பதில் இப்படி ஒரு இடம்:

“விலை ஏறிய நாலாம் நாள் கயிற்றுக் கட்டிலைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனார். ஐந்தாம் நாள் கொசுவலை. ஆறாம் நாள் மாமனார் வந்தார், பத்து வருஷமாக வாசல் மிதிக்காதவர். சும்மா உங்களையெல்லாம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன் என்றார், தக்காளியைப் பார்த்துக்கொண்டு.”

டைப் அடிக்கும்போது சிரித்துவிட்டேன். கடையில் கலர் ஜெராக்ஸுக்கு நின்றிருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் விழித்தாள் என்று எழுத இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மனைவி பாத்திரம் முதல் பிரதியில் முறைப்பதற்கென்றே இருந்தாள். இதில் அவள் பத்தாம் அத்தியாயம் வரை சிரிப்பதே இல்லை. பணம் வந்ததும் புருஷன் கேட்கிறான், உனக்கு என்ன வேண்டும் என்று. நகை, புடவை என்று எதிர்பார்க்கிறான். அவள் தர்மபுரிக்குப் போய்ப் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அந்த அத்தியாயத்தை மூன்று முறை புரூஃப் பார்த்தேன், ஒரு முறையும் பிழை கண்ணில் படவில்லை. அச்சான பிறகுதான் இரண்டு ஒற்றுப்பிழை தெரிந்தது. பேச்சும் கோவையிலிருந்து ஊர் திரும்பிவிட்டது. கண்ட்ரோல் எஃப் போட்டேன், பழக்கதோஷம். ‘விழித்தா’ 3. அதில் ஒன்று தூக்கத்திலிருந்து விழித்தது.

குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடைசி அறுபது பக்கம் ஓட்டமாக ஓடுகிறது. 22 நிமிஷம் முடியப் போகிறது என்ற பதற்றம் அங்கே தெரிகிறது. தரகர் பாத்திரம் கடைசி வரை டிவி தரகர்தான். படுகளம் அத்தியாயத்தில் ஒரு சிலேடையை வெட்டச் சொன்னேன், கேட்கவில்லை. “இது ஒண்ணு இருக்கட்டும்பா, எனக்காக” என்றார். இருக்கிறது.

புரூஃப் ஓடிக்கொண்டிருந்த 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தோட்டத்துக்குக் காவல் போடுகிறார்கள் என்று செய்தி வந்தது. கட்டிலையும் கொசுவலையையும் அவர் எழுதி ஆறு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. புத்தகம் வந்தபோது, செய்தியைப் பார்த்து அவசரமாக எழுதியது போல என்று ஒருவர் என்னிடமே சொன்னார். நல்ல வேளை, அண்ணன் பக்கத்தில் இல்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டெமி அளவு, 224 பக்கம். முதல் அச்சு 300 பிரதி. விலை 250 ரூபாய். ராயல்டி பத்து சதவீதம் என்றால் 300-ம் விற்றுத் தீர்ந்தாலும் ஏழாயிரத்து ஐந்நூறு. நல்ல நாளில் டிவியில் ஒரே வாரத்தில் அதைவிடக் கூடுதலாகப் பார்த்தவர். நாவலை நம்பி அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரும், நான் அவ்வப்போது கொடுக்கும் புரூஃப் வேலையும்தான். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் ஒரு மண்டிக்காரர் ஐந்து பிரதி வாங்கிப் போனார். தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டதாம். சந்தோஷமா வருத்தமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் பக்கத்தில் கையெழுத்து மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன மாசம் அண்ணன் மறுபடி ஒரு கட்டோடு வந்தார். சென்னையிலிருந்து அழைப்பு, ஓடிடி-க்கு எட்டு எபிசோடு. இந்த முறை ஒப்பந்தம் இருக்கிறதாம், ஜெராக்ஸ் போட என்னிடம்தான் கொடுத்தார். தாளைப் பிரித்தேன். நடுவில் பழைய மடிப்பு திரும்பி வந்திருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் எழுத்து. இடப்பக்கத்தில் பொடி எழுத்தில், மார்க்கெட்டில் விடிகாலை மூன்று மணிக்கு எந்தப் பல்ப் எரியும், துண்டுக்கு அடியில் தரகரின் விரல் எத்தனை காட்டும் என்பது வரைக்கும்.

“டைரக்டர் பார்த்துட்டாராணா?”

“முதல் எபிசோடு பார்த்துட்டார்.”

“என்ன சொன்னார்?”

“லெஃப்ட்ல இருக்கறத எல்லாம் எடுத்துட்டு அனுப்புங்க சார்னார்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நீ லெஃப்ட், ரைட்டுனு ரெண்டு காலமாவே அடி. அனுப்பும்போது பார்த்துக்கலாம்.”